ஈரம் அளக்க வந்தவன்

"அது என்னுது!"

இரண்டு குரல்கள் ஒரே நேரத்தில் கேட்டன. இரண்டு கைகள் ஒரே அட்டைப் பெட்டியின் மேல் விழுந்தன. ஹேர்கிளிப்புகளும் ரிப்பன்களும் தொங்கும் அந்தச் சின்ன ஃபேன்சி ஸ்டோரில், கண்ணாடி மேஜைக்கு அந்தப் பக்கம் நின்ற கடைக்காரம்மா பேந்தப் பேந்த விழித்தார்.

பெட்டியில் இருந்தது நிறமில்லாத நெயில் பாலிஷ். ஆறு பாட்டில்கள். கடையில் இருந்த மொத்தச் சரக்கும் அவ்வளவுதான்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள்... யார் இவன்? கசங்கிய நீலச் சட்டை. சட்டைப் பையில் ஒரு குட்டி ஸ்க்ரூடிரைவர். மூக்கு நுனிக்கு இறங்கி வந்துவிட்ட கண்ணாடி. அதற்குப் பின்னால் இரண்டு கண்கள், யாரோ இப்போதுதான் தூக்கத்திலிருந்து எழுப்பிவிட்ட மாதிரி மலங்க மலங்க... சண்டைக்கு வந்தவனுக்கு இப்படியா கண் இருக்கும்? அவளுடைய கோபம் பாதி வழியில் நின்றுவிட்டது. உடனே சுதாரித்துக்கொண்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.

"நான் காலைலயே போன் பண்ணி எடுத்து வெக்கச் சொன்னேன்."

"நான் நேத்தே சொல்லிட்டுப் போனேங்க."

"ரெண்டு பேரும் சொன்னீங்க, ரெண்டு பேருக்கும் சரின்னேன்" என்றார் கடைக்காரம்மா. "ஒரு வருஷமா இதை யாரும் சீண்டல. ஒரே வாரத்துல ரெண்டு பேர் வந்து நிப்பீங்கன்னு நான் ஜோசியமா பார்த்தேன்?"

"ஆம்பளைக்கு எதுக்குங்க ஆறு பாட்டில்?" என்றாள் அவள்.

"உங்களுக்கு மட்டும் அறுபது விரலா?"

வாய்த்துடுக்கைப் பார்! அவள் முறைத்தாள். அவன் கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு, முறைப்பை வாங்கி வைத்துக்கொண்டான். கடைசியில் கடைக்காரம்மாதான் பஞ்சாயத்து பண்ணி, ஆளுக்கு மூன்றாகப் பிரித்துக் கொடுத்தார். அவள் பாட்டில்களை அள்ளியபோது அவன் பார்வை அவள் விரல்களில் விழுந்தது. ஒட்ட வெட்டிய நகங்கள். ஓரங்களில் கழுவியும் போகாத செம்மண். கட்டை விரலில் கத்தி கீறிய பழைய தழும்பு. அவள் சட்டென்று கையை இழுத்துத் துப்பட்டாவுக்குள் மறைத்துக்கொண்டாள்.

வாசலுக்கு வந்தால்... மழை!

சொல்லாமல் கொள்ளாமல் வந்த மழை. எதிர்வரிசைக் கடைகளின் விளக்குகள் தண்ணீரில் கரைந்து தெருவெல்லாம் ஓடின. கடையின் தகரக் கூரைக்கு அடியில் இருவர் நிற்கத்தான் இடம். ஒருவர் பக்கம் ஒருவர் திரும்பாமல் எத்தனை நேரம்தான் நிற்பது?

"கேட்டா கோச்சுக்க மாட்டீங்களே..." அவன்தான் ஆரம்பித்தான். "உங்க நகத்துக்கும் நெயில் பாலிஷுக்கும்..."

"நகத்துக்கு இல்ல" என்றாள் வெடுக்கென்று. "நாங்க நர்சரி வெச்சிருக்கோம். ஒவ்வொரு செடியிலயும் பேர் எழுதி அட்டை மாட்டுவோம். மழை வந்தா எழுத்து அழிஞ்சிடும். இதைப் பூசிட்டா ஒரு வருஷம் தாங்கும்."

அவன் அவளையே பார்த்தான். பிறகு சிரிக்க ஆரம்பித்தான். கண்ணாடி நழுவும் அளவுக்குச் சிரிப்பு.

"என்ன சிரிப்பு?"

"எனக்கும் நகத்துக்கு இல்லைங்க. எனக்கும் எதிரி மழைதான்!"

பையைத் திறந்து ஒரு டிபன் டப்பாவை எடுத்தான். பிளாஸ்டிக் டப்பா. அதன் அடியிலிருந்து ஒயர் ஒன்று இறங்கியது. ஒயரின் முனையில் விரல் நீளத்தில் தட்டையான கறுப்புத் தகடு. அதை மண்ணில் குத்தி வைத்தால், மண்ணில் எவ்வளவு ஈரம் என்று அளந்து, டப்பாவுக்குள் இருக்கும் சின்ன ரேடியோ வழியாக அவன் வீட்டுக்குச் சொல்லிவிடுமாம்.

"தகட்டோட முகத்துக்குப் பூச்சு உண்டு. ஆனா வெட்டின ஓரம் இருக்கு பாருங்க, அது மொட்டையா இருக்கும். தண்ணி அது வழியா உள்ள ஊறி, ஒரே மாசத்துல தகட்டைக் கெடுத்துடும். அதான் ஓரத்துக்கு மட்டும் நெயில் பாலிஷ், மூணு பூச்சு."

"இதான் உங்க தொழிலா?"

"இல்லைங்க. காது மெஷின் ரிப்பேர் பண்றேன். காது மந்தமானவங்க மாட்டிக்கறது. இது சும்மா, ஆசைக்கு. மாடில பத்து தொட்டி வெச்சேன். ஒண்ணு காய்ஞ்சு போகுது, ஒண்ணு அழுகிப் போகுது. ஏன்னு செடிகிட்டயே கேட்டுடலாமேன்னு..."

செடியிடமே கேட்டுவிடலாம் என்று நினைத்த ஒரு மனிதன்! அவள் பிறந்ததிலிருந்து செடிகளுக்கு நடுவில் இருப்பவள். இப்படி ஒரு பேச்சை இதுவரை யாரிடமும் கேட்டதில்லை. மழை சற்றுக் குறைந்தது. குறையாமல் இருந்தால் நன்றாக இருக்குமே என்று தோன்றியது. அந்த நினைப்பே அவளுக்குத் திக்கென்றது.

"இது... ரொம்ப தூரத்துல இருந்தாலும் சொல்லுமா?"

"எவ்வளவு தூரம்?"

"பஸ்ல ஏழு மணி நேரம்."

"வீட்ல இருந்து உங்க போனுக்கு அனுப்பிடலாம். நிலாவுக்கே போனாலும் சிக்னல் இருந்தா தெரியும்" என்றான். அவள் சிரிக்கவில்லை. அவள் கண்களில் திடீரென்று ஏதோ ஒரு பாரம் தெரிந்தது. அவன் விளையாட்டை விட்டுவிட்டு, "என்னங்க விஷயம்?" என்றான்.

"நாளைக்கு எங்க தோட்டத்துக்கு வர்றீங்களா?"

*

வந்தான். சொன்ன நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்னாலேயே வந்தான்.

தோட்டத்தின் பின்புறத்தில் பச்சை வலைக்குக் கீழே நூற்று இருபது ஒட்டு ரோஜாக்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றிலும் அவளே கத்தியால் கீறி, வேறொரு ரோஜாவின் மொட்டை வைத்து, நாடா சுற்றிக் கட்டியவை. அவன் ஒவ்வொரு கட்டாகக் குனிந்து பார்த்துக்கொண்டே போனான்.

"இவ்வளவு சின்ன இடத்துல எப்படிங்க... எங்க கடையில லென்ஸ் வெச்சுதான் இந்த மாதிரி வேலை செய்வோம்."

அவளுக்குக் காது மடல் வரை சூடேறியது. தோட்டத்துக்கு வருபவர்கள் பூவைத்தான் புகழ்வார்கள். கட்டைப் புகழ்ந்தவன் இவன் ஒருவன்தான்.

அப்போது அப்பா வந்தார். உயரமான மனிதர். வாடிக்கையாளர்கள் அவரை 'மண் டாக்டர்' என்றுதான் சொல்வார்கள். ஒரு தொட்டியில் ஆள்காட்டி விரலை விட்டு, கண்ணை மூடி, "தண்ணி கேக்குது" என்றார். குழாயைத் திறந்தார். அந்தத் தொட்டியின் அடியிலிருந்து ஏற்கெனவே தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. அவன் அதைப் பார்த்தான். அவள் தலையைக் குனிந்துகொண்டதையும் பார்த்தான்.

அப்பா நகர்ந்ததும் அவள் சொன்னாள். சர்க்கரை நோய் அப்பாவின் விரல் நுனியில் உணர்ச்சியைக் குறைத்துவிட்டது. கொதிக்கும் டீ டம்ளரைக்கூடச் சாதாரணமாகப் பிடித்துக்கொண்டிருப்பார். ஆனால் ஒப்புக்கொள்ள மாட்டார். போன மாதம் முப்பது கன்றுகள் வேர் அழுகிச் செத்தன. மழை மேல் பழியைப் போட்டுவிட்டார்.

"எங்க அக்காவுக்கு அடுத்த வாரம் பிரசவம். அம்மா இல்ல. டாக்டர் அக்காவைப் பஸ்ஸே ஏறக் கூடாதுன்னுட்டாங்க. நான்தான் போகணும், பதினஞ்சு நாளாவது. இந்த ஒட்டு பிடிக்கப் போறதும் இதே பதினஞ்சு நாள்லதான். தண்ணி கூடினா அழுகிடும், குறைஞ்சா மொட்டு கருகிடும்..." ஒரு கட்டின் நாடாவை வருடினாள். "அக்காவா செடியான்னா அக்காதான். ஆனா இது செத்துப்போச்சுன்னா, அப்பாவுக்குத் தன்னாலதான்னு தெரிஞ்சிடும். அதைத் தாங்க மாட்டார்."

அவன் பையிலிருந்து நோட்டை எடுத்து, 'ஐந்து டப்பா, சனிக்கிழமை' என்று எழுதிக்கொண்டான்.

அந்த மூன்று நாட்கள்... மாலை நான்கு மணி ஆனால் அவள் கண் தானாகவே கேட்டுக்குப் போகும். அவன் கடையிலிருந்து நேராக வருவான். செடி கட்டும் நீள மேஜையில் இருவரும் எதிரெதிரே உட்கார்வார்கள். அவன் ஒயர்களை ஈயத்தால் பற்ற வைப்பான், அவள் தகட்டு ஓரத்தில் நெயில் பாலிஷ் பூசுவாள். முடி அளவுகூட முகத்தில் படாமல், ஓரத்தில் மட்டும், ஒரே இழுப்பில். அவன் வேலையை விட்டுவிட்டு அவள் கையையே பார்த்துக்கொண்டிருப்பான்.

"அங்க என்ன பராக்கு? பத்த வைங்க" என்பாள்.

"கத்துக்கறேங்க..."

வெளியே தூறிக்கொண்டே இருந்தது. டப்பாக்களை மூடி, விளிம்பைச் சுற்றிப் பசை தடவி, ஒயர் நுழையும் துளையையும் அடைத்தான். "இனி இதுக்குள்ள காத்துகூடப் போகாது!" என்று மார்தட்டிக்கொண்டான். அவள் ரசித்துப் பார்த்தாள். பெருமைப்படும்போது அவன் மூக்கு லேசாக விரிந்தது. அதுவும் அழகாகத்தான் இருந்தது, என்ன செய்வது!

சனிக்கிழமை ஐந்து டப்பாக்களுக்கும் நம்பர் போட்டு, ரோஜா வரிசையில் ஐந்து தொட்டிகளில் குத்தி வைத்தார்கள். அது என்னவென்று அப்பா கேட்டபோது மட்டும் அவள் வாய் தடுமாறியது. "மழை எவ்வளவு பெய்யுதுன்னு அளக்கிற டப்பாப்பா" என்று சொல்லிவிட்டாள்.

*

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் வெயிலும் மழையும் மாறி மாறி விளையாடின. திங்கள் மாலை அவன் ஓடி வந்தான்.

"மூணாம் நம்பர் காய்ஞ்சு கிடக்கு! உடனே தண்ணி விடுங்க."

அவள் மூன்றாம் தொட்டியில் விரலை விட்டாள். சேறு. "நல்லா ஈரமா இருக்கே."

"இல்லைங்க, டப்பா பொய் சொல்லாது. விரல் ஏமாத்தும், இது ஏமாத்தாது. விரலை நம்பி எத்தனை செடி போச்சு..."

சொல்லி முடிப்பதற்குள் அவனுக்கே உறைத்தது. அப்பா வலைக்கு அந்தப் பக்கம் பூவாளியோடு நின்றுகொண்டிருந்தார். பூவாளியை மெதுவாகக் கீழே வைத்தார்.

"மழை அளக்கன்னு சொன்னியேம்மா."

அவள் சேறு படிந்த விரலைத் துப்பட்டாவில் துடைத்தாள்.

"தம்பி, டப்பாவை எல்லாம் எடுத்துட்டுப் போயிடுங்க. இந்தத் தோட்டத்துக்கு என் விரல் போதும்."

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். ஒரு வார்த்தை சொல்வாள் என்று காத்திருந்தான். அவளோ தரையைப் பார்த்துக்கொண்டு, அவன் ஏதாவது சொல்வான் என்று காத்திருந்தாள். இருவரும் சொல்லவில்லை. அவன் டப்பாக்களைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு மழையிலேயே நடந்து போனான். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

'போகட்டுமே... எனக்கென்ன?' என்று நினைத்தாள். அன்றிரவு நூறு அட்டைகள் எழுதினாள். அதில் இருபது தப்பு.

செவ்வாய் போனது. புதன் மாலையும் வந்தது. நான்கு மணி வரும், கேட் திறக்காது. வெள்ளிக்கிழமை பஸ் டிக்கெட் அலமாரிக்குள் இருந்தது. அப்பா முகம் கொடுத்துப் பேசவில்லை. அவள் அழுதுகொண்டே ரோஜா வரிசையில் களை பிடுங்கினாள். கடைசித் தொட்டிக்குப் பின்னால் ஐந்தாவது டப்பா! அவன் எடுக்க மறந்து போனது.

கோபத்தில் அதைக் கத்தியால் நெம்பித் திறந்தாள்... உள்ளே மூடி முழுவதும் முத்து முத்தாக நீர். கீழே சர்க்யூட்டின் மேலும் நீர்த்துளிகள்; பிறகு அது எப்படி உண்மை சொல்லும்? மழை உள்ளே நுழைந்த தடமே இல்லை. பசை அப்படியே கெட்டியாக இருந்தது.

அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். இது அவளுக்குத் தெரியுமே! கிளைத் துண்டுகளை நட்டுக் கண்ணாடி மூடி போட்டு வைப்பார்கள். இறுக மூடிவிட்டால் மூடி இப்படித்தான் வியர்க்கும். அதற்காகத்தானே தினமும் ஒரு குச்சியைச் செருகி, மூடியைத் துளி தூக்கி வைப்பார்கள்? மழை நாளில், ஈரக் காற்றையும் சேர்த்து உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு, அந்தப் பெரிய மனிதர் காற்றுகூடப் போகாது என்று மார்தட்டியிருக்கிறார்!

கண்ணில் நீரோடு சிரித்தாள். டப்பாவைத் துணியில் சுற்றிக்கொண்டு கிளம்பினாள்.

*

அவன் கடை ஒரு மாடிப்படிக்கு அடியில் இருந்தது. கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு குனிந்திருந்தான். நிமிர்ந்தவன், அவளைப் பார்த்ததும் கையிலிருந்த இடுக்கியைக் கீழே போட்டான்.

"ரெண்டு நாளா ஏன் வரல?" என்றாள் எடுத்த எடுப்பில்.

"அப்பா வர வேண்டாம்னு..."

"அப்பா டப்பாவைத்தான் எடுத்துட்டுப் போகச் சொன்னார். ஆளை யார் போகச் சொன்னது?"

அவன் கண்ணாடியைத் துடைத்தான். துடைத்ததையே மறுபடி துடைத்தான். "வெக்கமா இருந்துச்சுங்க. டப்பா பொய் சொல்லாதுன்னு அவ்வளவு சவடால் விட்டேன். அஞ்சும் செத்துப்போச்சு. எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு வர்றது? ஏன் செத்துதுன்னும் புரியல. திரும்பத் திரும்ப அடைச்சுப் பார்க்கறேன்..."

"அடைச்சதுதான் தப்பு." மேஜையில் டப்பாவைத் திறந்து வைத்தாள். "இது மூச்சு விட வழியே இல்லையே. அடியில ஒரு துளை போடுங்க, ஊசி அளவு. மழை மேல இருந்துதான் வரும், கீழ இருந்து ஏறாது. எறும்பு நுழையாம துணி வலையை ஒட்டிடுங்க. அப்புறம், மூடறதுக்கு முன்னாடி நல்லா உலர்த்துங்க."

அவன் டப்பாவைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். மறுபடி டப்பாவைப் பார்த்தான்.

"ரெண்டு நாளாங்க..." என்றான். "ரெண்டு நாளா தூங்காம இதுக்காக மண்டையை உடைச்சுக்கறேன். நீங்க ஒரு நிமிஷத்துல... நீங்க பெரிய ஆளுங்க!"

அந்தக் கண்களில் பொறாமை இல்லை. தோற்ற வருத்தமும் இல்லை. வெறும் வியப்பு. இப்படி ஒருவன் தன்னைப் பார்த்தால் எந்தப் பெண்தான் கரைய மாட்டாள்? அவள் அவசரமாகச் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தாள்.

"அப்பாவை என்ன பண்றது?"

அவன் சற்று யோசித்தான். "என்கிட்ட வர்றவங்க யாருமே காது கேக்கலைன்னு முதல்ல ஒத்துக்க மாட்டாங்க. ஆனா கேக்கலங்கிறது அவங்களுக்குத் தெரியும். கோபம் எப்ப வரும் தெரியுமா? வீட்ல இருக்கறவங்க தங்களுக்குள்ள குசுகுசுன்னு பேசி மறைக்கும்போதுதான். நேரா சொல்லிடுங்க. நானும் வர்றேன், அன்னிக்குப் பேசினதுக்கு மன்னிப்புக் கேக்கணும்."

இருவரும் தோட்டத்துக்கு வந்தபோது அப்பா பைப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தார். அவன் நேராகப் போய், "அன்னிக்கு வாய் நீண்டுடுச்சு, மன்னிச்சிடுங்க. தப்பு என் டப்பா மேலதான்" என்றான். அவள் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "பொய் சொன்னது நான்தான்ப்பா. உங்க விரல் மரத்துப்போனது எனக்குத் தெரியும். உங்களுக்கு வலிக்குமேன்னு சொல்லல."

அப்பா தன் விரலையே திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எனக்குத் தெரியாதாம்மா? இப்பல்லாம் மண்ணும் துணியும் இதுக்கு ஒண்ணுதான். அந்த முப்பது கன்னும் என்னாலதான் போச்சு. சொல்லிட்டா, நீ அக்காகிட்டப் போக மாட்டியேன்னுதான்..." அவள் அவர் தோளில் முகம் புதைத்து அழுதாள். அவன் தள்ளிப் போய், பார்க்கக் கூடாதென்று ரோஜாக் கட்டுகளை எண்ணினான்.

"தம்பி" என்று அப்பா கூப்பிட்டார். "உங்க டப்பா போன்லதான் பேசுமா? எனக்குப் புரியற மாதிரி ஏதாவது பண்ணுமா?"

"மூடியில ஒரு விளக்கு வெச்சுடறேங்க. தாகம்னா எரியும். விளக்கைப் பார்த்துட்டு நீங்க தண்ணி விடுங்க. எந்தச் செடிக்கு எவ்வளவுங்கிறது உங்களுக்குத்தான் தெரியும். டப்பாவுக்கு அந்த அறிவெல்லாம் கிடையாது."

அப்பாவின் முகத்தில் இரண்டு நாட்களுக்குப் பிறகு சிரிப்பு வந்தது. அன்றிரவே அவன் டப்பாக்களில் துளை போட்டு, விளக்கு வைத்து முடித்தான். வியாழன் இரண்டு மழை பெய்தது. ஐந்து டப்பாக்களும் தாங்கின. அப்பா விளக்கையே பார்த்துக் குழாயைத் திறந்தார், சரியான நேரத்தில் மூடினார்.

*

வெள்ளிக்கிழமை காலை. பஸ் கிளம்பத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. அவள் ஜன்னல் ஓரத்தில். அவன் கீழே, மூச்சு வாங்க.

"போன் பாருங்க, சரியா வருதா?"

பார்த்தாள். ஐந்து தொட்டிகளும் நலம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே மறுபடி சேதி வந்தது. சற்று நேரத்தில் இன்னொன்று.

"என்ன, இப்படிக் கொட்டுது?"

"அது... மணிக்கு ஒரு தடவை அனுப்பினாலே போதும். பேட்டரி மாசக்கணக்கா வரும். நான் அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவைன்னு மாத்திட்டேன்."

"அய்யோ, பேட்டரி தீர்ந்துடுமே! ஏன்?"

"நீங்க ஒவ்வொரு தடவை போனை எடுக்கறப்பவும் என் ஞாபகம் வரணும்னு." கண்ணாடி மூக்கு நுனிக்கு வந்துவிட்டது. இந்த முறை அவன் அதைத் தள்ளிக்கொள்ளவில்லை. "பேட்டரியை நான் மாத்திக்கறேன். ரெண்டு நாளைக்கு ஒரு தடவை தோட்டத்துக்கு வரேன்னு அப்பாகிட்டச் சொல்லிட்டேன்."

"அப்பா ஏன்னு கேக்கலையா?"

"கேட்டார். உங்க பொண்ணை எனக்குப் பிடிச்சிருக்குன்னு சொன்னேன்."

கண்டக்டர் விசில் அடித்தார். அவளுக்கு அது எங்கோ தொலைவில் கேட்டது.

"என்கிட்டச் சொல்றதுக்கு முன்னாடி அப்பாகிட்டயா?"

"மறைச்சா அவருக்குக் கோபம் வரும்ல..."

"அதுக்கு... அப்பா என்ன சொன்னார்?"

"அவளைக் கேளுன்னார்." அவன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டான். "கேக்கறேன். என்னைப் பிடிச்சிருக்கா?"

பஸ் நகர்ந்தது. அவன் கூடவே நடந்தான். பிறகு ஓடினான். அவள் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டினாள். ஓரங்களில் மண் படிந்த அந்தக் கையை இப்போது மறைத்துக்கொள்ளத் தோன்றவில்லை.

"பிடிச்சிருக்கு!" என்று கத்தினாள். முன் இருக்கைக்காரர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டுமே! "ரொம்பப் பிடிச்சிருக்கு... பதினாறாம் நாள் இதே பஸ்ல வருவேன். வந்து நில்லுங்க!"